கல்முனைக் கரையில் மூன்று சைக்கிள் பாதைகள்

2022ஆம் ஆண்டு, பெற்றோலுக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்ற நாட்களில்தான் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் கிடந்த பழைய சைக்கிளை வெளியே எடுத்தேன். மகள் பாடசாலைக்குப் போன காலத்தில் வாங்கியது. இரண்டு டயரும் வெடித்து, செயின் துருப்பிடித்திருந்தது. சாய்ந்தமருதில் ஒரு கடையில் கொடுத்துச் சீராக்கி எடுத்தேன். அதில் ஏறி உட்கார்ந்தபோது, நான் கடைசியாகச் சைக்கிள் ஓட்டி முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

எனக்குச் சைக்கிள் பழக்கியவர் என் வாப்பா. அவருடைய உயரமான சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டு அரைப் பெடல் மிதித்து வளவுக்குள் சுற்றி வருவேன். பெரிய பிள்ளையானதும் அது நின்று போனது. யாரும் தடுக்கவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஏற வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

முதலில் கடைக்கு ஓடினேன். பிறகு மருந்து எடுக்க, பிறகு தைத்த உடுப்புகளைக் கொடுக்க என்று தூரம் கூடியது. எரிபொருள் தட்டுப்பாடு தீர்ந்த பின்னும் சைக்கிளை நான் விடவில்லை.

ஒருநாள் காரைதீவு முச்சந்தியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைக் கண்டேன். இருவருக்கும் அறுபது வயதுக்கு மேலிருக்கும். சைக்கிளின் இரு பக்கமும் பைகளைக் கட்டி, மட்டக்களப்பிலிருந்து அறுகம்பைக்குப் போகிறார்கள். வழியில் குரும்பை குடிக்க நின்றார்கள். என்னுடன் வந்த மகள் இங்கிலீஷில் பேச்சுக் கொடுத்தாள். அந்த அம்மா இங்கிலாந்தில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர். அவர்களது நாட்டில் சின்னச் சின்ன ஒழுங்கைகள் வழியாக, மேடும் பள்ளமுமான வயல்வெளிகளைக் கடந்து, பழைய கோயில்களும் கல் வீடுகளும் உள்ள கிராமங்களைச் சைக்கிளில் பார்த்துப் போவது வழக்கமாம். அங்கே சைக்கிள் பயணிகளுக்கென்று 1878ஆம் ஆண்டிலேயே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். சைக்கிள் பாதைகளுக்குத் தனியாக இலக்கமும் வழிகாட்டிப் பலகையும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் பேரப்பிள்ளை கண்டவர்களும் கூட இப்படிப் போவார்களாம்.

“உங்கள் ஊர்களும் அப்படித்தான் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏற்றம் மட்டும்தான் இல்லை” என்று அவர் சொன்னதாக மகள் மொழிபெயர்த்தாள். பிறகு, “உங்களுக்கு இந்தப் பாதையில் எந்த ஊர் பிடிக்கும்?” என்று என்னைக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் கடந்து போயிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் மையத்து வீட்டுக்கும் போயிருக்கிறேன். ஊரைப் பார்ப்பதற்காக எந்த ஊருக்கும் போனதில்லை. எங்கோ இருந்து வந்தவர் எங்கள் ஊர்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். இங்கேயே பிறந்த நான் பார்க்கவில்லை.

அந்த வெட்கத்தில் தொடங்கியவைதான் நான் இங்கே எழுதும் மூன்று பயணங்களும்.

துணை

தனியாகப் போக முதலில் துணிவு வரவில்லை. காரைதீவு அக்காவைக் கேட்டேன். சுனாமிக்குப் பிறகு பெண்களுக்காக நடந்த ஒரு தையல் வகுப்பில் பழக்கமானவர். இந்துப் பெண். என்னைவிட எட்டு வயது மூத்தவர். சைக்கிள் அவருக்குப் புதிதல்ல. இளம் வயதிலிருந்தே ஓடுகிறவர். கணவர் இல்லாமல் மூன்று பிள்ளைகளை வளர்த்ததும் அந்தச் சைக்கிளில்தான்.

நான் கேட்டதும் சிரித்தார். “வேலையில்லாம ஊர் சுத்தவாகா கூப்பிடுறாய்?”

“ஓம் அக்கா. வேலையில்லாமத்தான்.”

“அப்படி ஒருநாளும் போனதில்ல, தங்கச்சி. சரி, போவம்.”

முதல் பாதை: சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை

போக 7 கிலோமீற்றர் அளவு. சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் புறப்பட்டோம். பிரதான வீதியை விட்டுக் கடற்கரை வீதியால் வடக்கே திரும்பினோம்.

காலையில் கரைவலை இழுக்கும் நேரம். இருபது முப்பது பேர் இரண்டு வரிசையாக நின்று கயிற்றை இழுப்பார்கள். வலை கரைக்கு வந்ததும் நெத்தலியும் சூடையும் வெயிலில் மின்னும். நான் மீன் வாங்கி ஆக்கியிருக்கிறேனே தவிர, வலை ஏறுவதை நின்று பார்த்தது அன்றுதான்.

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. தமிழ்நாட்டு நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கொடியேற்றம் நடக்கும். சிறு வயதில் உம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் வந்தது நினைவு வந்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் அது நிற்கிறது என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

இந்தக் கரையில் கடலைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இலங்கையில் சுனாமி மிகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் எங்கள் அம்பாறைதான், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்களின் கடற்கரைப் பக்கமே அழிந்தது. ஒரு வளவில் இன்னும் அத்திவாரக் கல் மட்டும் கிடக்கிறது. அக்கா அதைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினார். “இதுல குசினி, இதுல அறை” என்று காலால் காட்டினார். அது யாருடைய வீடு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றோம்.

கல்முனைப் பட்டினத்தைக் கடந்தால் பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் ஆலயத் தீமிதிப்புக்குப் பெயர் போன ஊர். பாரதக் கதையில் வரும் வனவாசத்தை ஊரே சேர்ந்து நடத்திக் காட்டும் என்று அக்கா சொன்னார். அந்தக் கோயில் வாசலை நூறு முறை பஸ்ஸில் கடந்திருப்பேன். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, கறுப்பு ஹபாயாவுடன் அடுத்த ஊருக்குள் நுழைய எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அன்று கோயிலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் தண்ணீர் கேட்டேன். கடைக்கார அம்மா என் சைக்கிளைப் பார்த்துவிட்டு, “சீலை சில்லுக்குள்ள போகாமப் பாத்துப் போ மகள்” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் மிச்சத் தூரம் லேசாகிவிட்டது.

அடுத்தது மருதமுனை. கைத்தறிக்கு இலங்கை முழுவதும் பெயர் பெற்ற ஊர். சாரமும் சேலையும் படுக்கை விரிப்பும் இங்கிருந்து போகும். ஒரு காலத்தில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும் என்பார்கள். நூல் விலையாலும் இயந்திரத் துணியாலும் பல தறிகள் நின்று போயின. நின்று போகாத ஒரு தறிக்கு முன்னால் எங்களை அழைத்துப் போனார் ஒரு ராத்தா. அவருக்கும் கணவர் இல்லை. கால் மிதிக்க, கை நாடாவை எறிய, விரல் அளவு விரல் அளவாகத் துணி வளர்ந்தது. “நீங்களும் மிதிக்கிறீங்க, நானும் மிதிக்கிறன். நீங்க ஊருக்குப் போவீங்க, நான் இருந்த இடத்திலதான்” என்று சிரித்தார்.

“சைக்கிள் பழகுங்களன் ராத்தா” என்றேன். “இந்த வயசிலயா?” என்றார். அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்ட் என்ற பெண் தலைவி ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் சைக்கிள் பழகி, 1895இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் என்று நான் படித்ததைச் சொன்னேன். ராத்தா பதில் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் புறப்படும்போது வெளியே வந்து அக்காவின் சைக்கிள் ஹாண்டிலை ஒருமுறை பிடித்துப் பார்த்தார்.

இரண்டாம் பாதை: காரைதீவிலிருந்து அக்கரைப்பற்று

இது நீளமான பாதை. எங்கள் வீட்டிலிருந்து 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆனால் எங்கள் வயதுக்கு அது வேண்டாம் என்று, அக்கரைப்பற்றில் என் சாச்சி வீட்டில் இரவு தங்கி மறுநாள் காலையில் திரும்பத் தீர்மானித்தோம். பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்கள் இதற்கு நல்லவை. மழை விட்டிருக்கும், கச்சான் காற்று இன்னும் தொடங்கியிருக்காது. எங்கள் பகுதியில் ஏற்றம் இல்லை என்று அந்த இங்கிலாந்து அம்மா சொன்னது பாதிதான் சரி. கச்சான் அடிக்கும்போது மேற்கே திரும்பிச் சைக்கிள் மிதித்துப் பாருங்கள், அதுவே எங்கள் மலை.

காரைதீவு அக்காவின் சொந்த ஊர். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்ததும் இங்கேதான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பழந்தமிழர் இசைக் கருவியான யாழை ஆராய்ந்து அவர் எழுதிய ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் காலமானார். பாடசாலையில் அவரைப் பற்றிப் படித்து நானும் பரீட்சை எழுதியிருக்கிறேன். இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் அவரது மணிமண்டபத்தை அன்றுதான் பார்த்தேன். அருகில் கண்ணகி அம்மன் கோயில். வைகாசியில் குளிர்த்திச் சடங்கு நடக்கும். கோவலனை இழந்து நீதி கேட்ட பெண்ணின் கோபத்தைக் குளிரச் செய்வதுதான் குளிர்த்தி என்று அக்கா விளக்கினார். “எங்கட கோபத்த யாரு குளிர வைக்கிற?” என்று அவரே கேட்டுக்கொண்டார்.

காரைதீவைத் தாண்டினால் நிந்தவூர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். போர்க்காலத்தில் இந்த வீதி துண்டு துண்டாக இருந்தது. ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும் இந்தக் கரையில், ஒவ்வொரு ஊர் எல்லையும் ஒவ்வொரு அச்சம். சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்ததை மறக்க முடியுமா? ஹர்த்தால், ஊரடங்கு என்றால் பக்கத்து ஊர் வெளிநாடு போலாகிவிடும். அன்று நாங்கள் நிந்தவூரிலிருந்து அட்டப்பள்ளத்துக்கும் அங்கிருந்து களியோடைப் பாலத்துக்கும் ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிளில் போனோம். எங்கே ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

பாலத்தில் நின்று காற்று வாங்கினோம். பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் 1950களின் தொடக்கத்தில் கட்டிய பெரிய அணைதான் இந்தப் பக்கத்து வயல்களில் பலவற்றுக்கு நீர் கொடுக்கிறது. தண்ணீர் எந்த ஊருக்கும் பெயர் கேட்டுப் பாய்வதில்லை என்று என் வாப்பா சொல்லுவார்.

ஒலுவிலில் இரண்டு காட்சிகள். வீதியோரத்தில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். போர் நடந்துகொண்டிருந்த 1995இல், வேறு பல்கலைக்கழகங்களில் படிப்பைத் தொடர முடியாமலிருந்த எங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இப்போது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மூவினத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். வாசலில் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். எங்களைக் கண்டு கையசைத்தார்கள். கடற்கரைப் பக்கம் திரும்பினால் 2013இல் திறந்துவைக்கப்பட்ட துறைமுகம். அதன் வாயை மணல் மூடிக்கொள்ள, வடக்குப் பக்கக் கரையைக் கடல் அரித்துக்கொண்டு போனது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. காணி இழந்தவர்கள் இருக்கிறார்கள். போரும் சுனாமியும் போய், அபிவிருத்தி என்று வந்ததும் கரையைத் தின்றதே என்று அக்கா பெருமூச்சு விட்டார்.

பாலமுனை, அட்டாளைச்சேனை என்று ஊர்கள் நெருங்கி வந்தன. வழியில் ஒரு வீட்டு விறாந்தையில் மூத்தம்மா ஒருவர் பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். நீர்நிலையில் வளரும் பன்னைப் பிடுங்கிக் காயவைத்துச் சாயமிட்டு இழைப்பது எங்கள் கரையோரப் பெண்களின் பழைய கைத்தொழில். பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு இழைப்பவர் குறைந்துவிட்டார்கள். “கலியாணப் பாய் கேட்டு இன்னும் வாறாங்க மகள்” என்றார் மூத்தம்மா.

மாலையில் சாச்சி வீட்டு வாசலில் இறங்கியபோது கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. சாச்சி அக்காவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். இரவு பேச்சு வீடுகளைப் பற்றித் திரும்பியது. எங்கள் கரையில் முஸ்லிமானாலும் தமிழரானாலும் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்பதும் தாய் வழியாகத்தான் வரும். சாச்சி தன் குடியைச் சொல்ல, அக்கா தன் குடியைச் சொன்னார். இரு சமூகத்துக்கும் இவ்வளவு ஒரே மாதிரியா என்று சாச்சி வியந்தார். ஆனால் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றுக்குக் ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரையே எழுதினார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு அலையோடு போய், கடதாசியில் கணவன் வீடாகத் திரும்பி வந்தது. உங்கள் வீட்டு உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் சகோதரிகளே.

மூன்றாம் பாதை: மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறை

மூன்றிலும் குறுகியது இதுதான். காரைதீவு முச்சந்தியிலிருந்து மேற்கே 6, 7 கிலோமீற்றர். இரு பக்கமும் வயலும் நீரும். கொக்கும் நாரையும் நிறைந்திருக்கும். சம்பான் என்ற படகுகள் வந்து சேர்ந்த துறை என்பதால் சம்மாந்துறை என்று பெயர் வந்ததாக முன்னோர் சொல்வார்கள். பழைய ஊர். பார்க்க அழகான பாதை.

ஆனால் இந்தப் பாதையை நான் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. 1990இல் ஒரு காலை என் வாப்பா சைக்கிளில் இந்த வழியாகத்தான் வட்டைக்குப் போனார். பின்னேரம் ஒருவர் சைக்கிளை மட்டும் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் சாத்தி வைத்தார். வாப்பா வரவில்லை. அடுத்த நாள்தான் கொண்டுவந்தார்கள். யார் செய்தது என்று எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டில் இந்தக் கரையில் எந்தச் சமூகத்திலும் அழாத வீடு குறைவு. அதற்குப் பிறகு இந்த வீதியால் போக வேண்டி வந்தால் பஸ் யன்னலில் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு என் வாசலில் மணியடித்தார். “வா, போவம்” என்றார்.

மாவடிப்பள்ளியில் வீதி தாழ்வாக, வெள்ளம் பாயும் இடத்தில் போகிறது. 2024 நவம்பரில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் ஒன்று இங்கேதான் அடித்துச் செல்லப்பட்டது. அதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகளின் மையித்துகளைத் தேடிய அந்த நாட்களை எங்கள் ஊர்கள் மறக்கவில்லை. அந்த இடத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நின்று அவர்களுக்காகவும் வாப்பாவுக்காகவும் துஆக் கேட்டேன். அக்கா சற்றுத் தள்ளித் தலை குனிந்து நின்றார்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு சொன்னார்: “அவரும் அந்த வருசம்தான் தங்கச்சி. சாமான் வாங்கப் போறன் எண்டு போனவர். உனக்குப் போய் நிக்கிறதுக்கு ஒரு இடம் இருக்கு. எனக்கு எங்க போய் நிக்கிற எண்டே தெரியாது.”

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலான பழக்கம். அவருக்குக் கணவர் இல்லை என்று தெரியும். எப்படி இல்லாமல் போனார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவரைப் போலவே நானும் அவரது சமூகத்தவர் முன்னால் சில விடயங்களைப் பேசாமல் பழகியிருந்தேன். ஒரே தையல் வகுப்பில் அருகருகே இருந்து, ஒரே நூலைக் கடித்துப் பகிர்ந்துகொண்ட இருவரும் இதை மட்டும் பேசவில்லை. வீதியோரத்தில், இரண்டு சைக்கிளுக்கு நடுவில் நின்றுதான் பேச முடிந்தது.

பிறகு வயல் வரம்பு வீதியால் உள்ளே இறங்கினோம். எங்கள் வட்டையை வாப்பாவுக்குப் பிறகு குத்தகைக்கு விட்டு, பின்னர் விற்றுவிட்டோம். இப்போது அதை வேறொருவர் செய்கிறார். சூடடித்து முடிந்த வயலில் வைக்கோல் பரவிக் கிடந்தது. அங்கிருந்த வாடியில் வேலைசெய்தவர்கள் எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்கள். “யாரு மகள் நீங்க?” என்று கேட்டார் ஒரு மூத்தவர். வாப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. “அவர் சைக்கிள இந்த மரத்திலதான் சாத்துவார்” என்று ஒரு மருத மரத்தைக் காட்டினார்.

என் சைக்கிளையும் அந்த மரத்தில் சாத்தி வைத்தேன். தேநீர் குடித்து முடியும்வரை அது அங்கேயே நின்றது.

சிலர் கேட்பார்கள்

“பொம்புளைக்கு இது என்ன வேலை?” என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. எங்களையும் கேட்டார்கள். நபிகளார் காலத்தில் பெண்கள் ஒட்டகம் ஏறிப் பயணம் செய்தார்கள். கதீஜா நாயகி வணிகம் செய்தார்கள். இன்று எங்கள் ஊர்களில் ஸ்கூட்டி ஓடும் பெண்கள் எத்தனையோ பேர். எண்ணெய் ஊற்றும் வண்டிக்கு இல்லாத தடை, காலால் மிதிக்கும் வண்டிக்கு ஏன்?

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவு கொடுத்தபோது, சைக்கிள் ஓட்டுவதையும் சேர்த்துப் பழக்கினார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். முஸ்லிம் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். குவாரிகளில் வேலைசெய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று எல்லோரும் ஏறினார்கள். பஸ்ஸுக்காகக் காத்து நின்ற நேரம் மிச்சமானது. யாரையும் கெஞ்சாமல் சந்தைக்குப் போக முடிந்தது. அதற்கும் நூறு ஆண்டு முன்பு, 1894இல், அமெரிக்காவிலிருந்து ஆனி லண்டன்டெரி என்ற மூன்று பிள்ளைகளின் தாய் சைக்கிளிலும் கப்பலிலுமாக உலகைச் சுற்றப் புறப்பட்டார். அவர் வந்து போன துறைமுகங்களில் எங்கள் கொழும்பும் ஒன்று.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

தனியாக வேண்டாம், இருவராவது சேர்ந்து போங்கள். சுபஹுக்குப் பின் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஆனால் சம்மாந்துறைப் பாதைக்கு நன்றாக விடிந்த பிறகு போவதே நல்லது. அறுவடைக்குப் பின் வைக்கோல் தின்ன யானைகள் கூட்டமாக வயலுக்குள் இறங்கும். மாரி காலத்தில் தாழ்வான வீதியில் வெள்ளம் ஓடினால், எவ்வளவு அவசரமானாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹபாயாவோ சேலையோ, செயின் கவர் உள்ள சைக்கிளாகப் பாருங்கள். பின் சில்லுக்கு வலை போட்டுக்கொள்ளுங்கள். உடுப்பின் ஓரத்தை ஒரு ஊசியால் குத்திக்கொண்டால் போதும். சின்னக் காற்றுப் பம், ஒட்டுப் போடும் சாமான், இரண்டு போத்தல் தண்ணீர், அடையாள அட்டை, கொஞ்சக் காசு எடுத்துக்கொள்ளுங்கள். பிரதான வீதியில் பஸ்ஸும் லொறியும் வேகமாக வரும். ஓரத்தை விட்டு விலகாமல், பேச்சுக்காகச் சோடியாகப் போகாமல், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச்சை நிழலில் வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் மருதமுனை ராத்தாவிடமிருந்து தகவல் வந்தது. மகனின் சைக்கிளில் வளவுக்குள் பழகுகிறாராம். இரண்டு தடவை விழுந்து முழங்கை தேய்ந்துவிட்டதாம். “அக்கரைப்பற்றுக்கு எப்ப போற?” என்று கேட்டிருக்கிறார். பங்குனிக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அக்கா இப்போது தெற்கே பார்க்கிறார். அக்கரைப்பற்றைத் தாண்டித் தம்பிலுவில், திருக்கோவில். அதற்கும் அப்பால் கோமாரி, பொத்துவில். அந்த இங்கிலாந்து அம்மா திரும்பவும் இந்த வழியாக வந்து, உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும் என்று கேட்டால், இப்போது நான் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன்.